வாசனைப் பிரிவு

அக்காவின் மூக்கு வேலை செய்யவில்லை என்பது தங்கை ஒருத்திக்குத்தான் தெரியும். அதுவும் அக்காவாக வாய் திறந்து சொன்னதல்ல. ஒருநாள் காலையில் பால் பொங்கி வழிந்து, தீய்ந்து, பாத்திரத்தின் அடி கருகியது. அடுப்புக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, அக்கா நிதானமாகப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தாள். குளியலறையிலிருந்து ஈரத் தலையோடு ஓடிவந்து அடுப்பை அணைத்த தங்கை, "என்னக்கா, மூக்கடைச்சிருக்கா?" என்று கேட்டாள்.

அக்கா பேப்பரை மடித்தாள். மறுபடி விரித்தாள். "அடைக்கிறதுக்கு மூக்குன்னு ஒண்ணு இருக்கணும்ல," என்றாள்.

வேறு யாருக்கு இப்படி ஆகியிருந்தாலும் நாலு பேரிடம் சொல்லிப் புலம்பிவிட்டுப் போயிருப்பார்கள். அக்காவுக்கு அது முடியாது. பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் தாவரவியல் நடத்தியவள். ஆர்க்கிட் சங்கம் வசந்தகாலத்தில் நடத்தும் கண்காட்சியில் பதினெட்டு வருஷமாக வாசனைப் பிரிவுக்கு அவள்தான் நடுவர். சங்கத்தில் எல்லாரும் அவளை 'மூக்கு டீச்சர்' என்பார்கள். அவள் காதுபடவே சொல்வார்கள், அவளுக்கும் அதில் பெருமைதான். பூவிடம் குனிவாள், கண்ணை மூடுவாள், நிமிர்ந்து ஒரு வாக்கியம் சொல்வாள். அந்த வாக்கியத்தைக் கேட்கவே ஒரு கூட்டம் வரும். பூ பிடித்துவிட்டால் வளர்த்தவர் வீட்டுக்குப் போகிறவரை தரையில் கால் பாவாமல் நடப்பார். பிடிக்காவிட்டால் அவ்வளவுதான், அந்த ஆள் ரெண்டு வருஷத்துக்குக் கண்காட்சிப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டார். "இது பூ வாசனை இல்ல, பூ வாசனைன்னா எப்படி இருக்கும்னு யாரோ சொல்லிக் கேட்ட வாசனை," என்று ஒருமுறை ஒரு மருந்துக்கடைக்காரரிடம் சொன்னாள். அந்த மருந்துக்கடைக்காரர்தான் இப்போது சங்கத் தலைவர். அன்று எல்லாரோடும் சேர்ந்து அவரும் சிரித்தார். காது மட்டும் சிவந்துபோயிருந்தது.

தங்கை, அக்காவுக்கு ஒன்பது வயது இளையவள். கல்யாணமாகி ஆறாவது வருஷம் புருஷன் சொல்லாமல் கொள்ளாமல் எங்கோ போய்விட, ஒரு பெட்டியோடு அக்கா வீட்டுப் படியேறியவள். அக்கா ஒரு வார்த்தை கேட்கவில்லை. பின்னறையைக் காலிசெய்து கொடுத்தாள். தன்னிடம் படித்த ஒருவனிடம் சொல்லிச் சலவை நிலையத்தில் வேலை வாங்கித் தந்தாள். நன்றாகத்தான் செய்தாள், குறை சொல்ல முடியாது. ஆனால் செய்ததை மறக்கவும் விடமாட்டாள். யாராவது விருந்தாளி வந்தால், "இவ என் தங்கச்சி. அழுக்குத் துணி வேலை," என்று அறிமுகப்படுத்துவாள்.

அழுக்குத் துணி வேலைதான். ஆனால் அதில் தங்கையை மிஞ்ச ஆள் கிடையாது. துணி இயந்திரத்துக்குள் போகுமுன் கறை எதனால் ஆனது என்று கண்டுபிடிக்க வேண்டும். தப்பான மருந்து பட்டால் கறை உறைந்துவிடும். மற்றவர்கள் கண்ணால் பார்த்துக் குழம்புவார்கள். இவள் துணியை முகத்தருகே கொண்டுபோய் ஒருமுறை இழுப்பாள். "இது காபி இல்ல, இருமல் மருந்து," என்று சீட்டு எழுதிக் குத்திவிடுவாள். குடும்பத்தில் நல்ல மூக்கு யாருடையது என்று யாரும் அவளைக் கேட்டதில்லை.

போன வருஷம் அவளும் ஒரு பூ வைத்தாள். குளியலறை ஜன்னலில் ஆறு வருஷம் வளர்த்த ஆர்க்கிட். கருஞ்சிவப்பில் பொடிப் பொடிப் பூக்கள், அசல் சாக்லேட் வாசனை. அக்காவிடம் சொல்லாமல் பெயர் கொடுத்துவிட்டு, சலவை நிலையத்தில் அரைநாள் லீவு போட்டு, நல்ல புடவை கட்டிக்கொண்டு போய்க் கூட்டத்தைத் தடுக்கும் கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்றாள். அக்கா தொட்டியைப் பார்த்தாள், தங்கையைப் பார்த்தாள், குனிந்து கண்ணை மூடினாள். நிமிர்ந்து, "வாசனையா? எனக்கு லாண்டரி சோப்புதான் அடிக்குது," என்றாள்.

கூட்டம் குலுங்கிச் சிரித்தது. அன்றிலிருந்து சங்கத்தில் தங்கைக்குப் பெயர் 'சோப்பு'. வீட்டுக்கு வந்ததும் அவள் அந்தச் செடியை மறுபடி குளியலறை ஜன்னலில் வைத்தாள். தன் மூக்கின் மேலேயே அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஒரு வாரம் சீட்டு எழுதுமுன் ஒவ்வொரு துணியையும் இரண்டு தடவை மோந்து பார்த்தாள். செடிக்குத் தண்ணீர் விடத்தான் மனசு வரவில்லை. மழைக்காலத்துக்குள் அது செத்துப்போயிற்று.

பால் தீய்ந்த அன்று இரவுச் சாப்பாட்டின்போது அக்கா தானாகப் பேச்செடுத்தாள்.

"அஞ்சு மாசமாச்சு. மழைக்காலத்துல ஒரு ஜுரம் வந்துச்சுல்ல, அதோட போச்சு. ஒண்ணுமே தெரியல. சாப்பாடு அட்டையத் தின்ற மாதிரி இருக்கு."

"டாக்டர்கிட்ட போகலாமே."

"போகலாம், போகலாம். அடுத்த மாசம் கண்காட்சி. நீ என்கூட வா. எழுதறதுக்கு ஆள்னு சொல்லிக்கலாம்." அக்கா தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "நீ மோந்து பார்த்து அட்டையில எழுது. நான் படிச்சிட்டுச் சொல்லிக்கிறேன். சுமாருக்கு ஒரு தட்டு, பரவாயில்லைன்னா ரெண்டு, நல்லா இருந்தா மூணு. பென்சிலால தட்டு. யாருக்கும் தெரியாது."

"இந்த வருஷம் வேற யாராவது பார்க்கட்டுமேக்கா."

"வேற யாரு? அந்த மருந்துக்கடையா?" அக்காவின் குரல் உயர்ந்து, உடனே இறங்கியது. "எனக்குன்னு வேற என்னடி இருக்கு?"

அக்கா கெஞ்சி அவள் அதுவரை பார்த்ததில்லை. சரி என்றாள். மனசு நிறைந்துதான் சொன்னாள். மூன்று வாரம் இருவரும் சமையலறை மேஜையில் பழகினார்கள். தங்கை ஏலக்காய், கிராம்பு, எலுமிச்சைத் தோல் என்று கிண்ணங்களை வரிசையாக வைத்து எழுதுவாள். அக்கா அதை ஓரக்கண்ணால் படித்து வாக்கியமாக்குவாள். சில நேரம் இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அந்த வீட்டில் அவர்கள் சேர்ந்து சிரித்தே வருஷக்கணக்கில் ஆகியிருந்தது.

கண்காட்சிக்கு நாலு நாள் முன்னால் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போனார்கள். அக்கா, "நீ வெளியில இரு," என்றாள். மருத்துவக் கோப்பை மறந்து தங்கை கையிலேயே விட்டுவிட்டுப் போனதால் அவள் பின்னாலேயே உள்ளே நுழைய வேண்டியதாயிற்று. டாக்டர் மூக்குக்குள் அடித்துப் பார்த்த விளக்கை அணைத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தார்.

"நான் முதல்லயே சொன்னேன்ல டீச்சர். நீங்க முதல்ல வந்தே ரெண்டு வருஷம் ஆகப்போகுது. ஆறு மாசத்துல திரும்பலன்னா அப்புறம் கஷ்டம். அன்னைக்கே பழகிக்கங்கன்னு சொன்னேன்."

அக்கா சட்டென்று எழுந்துகொண்டாள். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் பார்த்தபடி, "அந்த ஆள் வேற யாரையோ நெனச்சுக்கிட்டுப் பேசறார்," என்றாள்.

"ஆமாக்கா. ஆயிரம் பேரைப் பார்க்கிறவர்," என்றாள் தங்கை.

கோப்பு அவள் மடியில்தான் இருந்தது. திறந்து பார்க்கவேண்டிய தேவையே இல்லை. ரெண்டு வருஷம். அப்படியென்றால் போன வசந்தத்தில் தங்கையின் பூவின் மேல் குனிந்து கண்ணை மூடியபோது அக்காவுக்கு ஒன்றுமே தெரிந்திருக்கவில்லை. சாக்லேட்டும் தெரியவில்லை, சோப்பும் தெரியவில்லை. சும்மா இருந்திருக்கலாம். 'நல்லா இருக்கு' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், அதற்கும் மூக்கு வேண்டியதில்லை. அந்தப் பூவை வைத்தவள் ஆர்க்கிட்காரியுமில்லை, போட்டிக்காரியுமில்லை, தங்கச்சி. பஸ் நிறுத்தத்தில் இறங்கும்போது அக்காவின் கையைப் பிடித்து இறக்கிவிட்டாள்.

இன்னதுதான் செய்வது என்று அவள் திட்டம் எதுவும் போடவில்லை. பிற்பாடு அவளே எத்தனையோ தடவை யோசித்துப் பார்த்துவிட்டாள். போடவில்லை என்பது உண்மை.

கண்காட்சி கண்ணாடிக் கூரை போட்ட பெரிய கூடத்தில் நடந்தது. காலையிலேயே ஜனம் நெருக்கியடித்தது. வாசலில் ஆள் உயரத்துக்கு அலங்கார வாழைகள். இரண்டு பக்கமும் மெழுகில் செய்தது போன்ற ஆந்தூரியம் பூக்கள். மேலே கம்பியில் தொங்கிய, பூச்சி பிடிக்கும் குடுவைச் செடிகளுக்குள் விரலை விட்டுப் பார்த்துப் பிள்ளைகள் அலறின. பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை குழாய்களிலிருந்து பனி மாதிரி நீர் சீறும். பெண்கள் தலையைப் பிடித்துக்கொண்டு ஓடுவார்கள். எங்கும் ஈரப்பாசியும் கரியும் தேங்காய் நாரும் கலந்த வாடை. அதற்குள்ளிருந்து ஒவ்வொரு பூவின் வாசனையாகத் தங்கையின் மூக்கு தனித்தனியே பிரித்தெடுத்தது. அக்கா அவளுக்கு முன்னால் நிமிர்ந்து நடந்தாள். பட்டுப் புடவை, நடுவர் பட்டை. வழியெல்லாம் கும்பிடுகள்.

வாசனைப் பிரிவு மேஜையில் வெள்ளைத் துணி விரித்து எண் போட்ட பதினாலு தொட்டிகள் இருந்தன. கயிற்றுக்கு அப்பால் அறுபது எழுபது பேர். தலைவரான மருந்துக்கடைக்காரர் ஒலிபெருக்கியைத் தட்டிப் பார்த்துவிட்டு, "நம்ம மூக்கு டீச்சர் ஆரம்பிக்கிறாங்க," என்றார்.

முதல் பத்து தொட்டியும் வெண்ணெயில் கத்தி இறங்கினாற்போலப் போயின. தங்கை முதலில் எண்ணைச் சரிபார்ப்பவள்போல் குனிந்து ஒரு மூச்சு இழுப்பாள், அட்டையில் எழுதுவாள், தட்டுவாள். அக்கா குனிந்து, கண்ணை மூடி, நிமிர்வாள். "மழை விட்டதும் எலுமிச்சைத் தோட்டத்துக் கதவத் திறந்த மாதிரி." கைதட்டல். ஆறாம் தொட்டிக்கு ஒரு தட்டுதான். "அலமாரியில போன வருஷத்து டைரி," என்றாள் அக்கா. சிரிப்பு. அதை வளர்த்த தபால்காரம்மா முகத்தைச் சிரித்தபடி வைத்துக்கொள்ளப் பட்ட பாட்டைத் தங்கை பார்த்தாள். ஆறாம் தொட்டிக்கு அவள் அட்டையில் எழுதியது 'லேசான கிராம்பு' என்றுதான். டைரி அக்காவின் சொந்தச் சரக்கு.

பதினோராம் தொட்டி. நீள நீளமாய்த் தொங்கும் பழுப்புச் சிவப்பு இதழ்கள், ஓரமெல்லாம் மயிர், நடுவில் நாக்கு மாதிரி ஒன்று காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. புதுக் கலப்பினம், இதுவரை அங்கே யாரும் பார்த்ததில்லை. இந்த வகையில் சிலது பழவாசனை அடிக்கும், சிலது அழுகல் வாடை அடிக்கும். பார்த்துச் சொல்ல முடியாது, மோந்துதான் சொல்ல வேண்டும் என்று அக்காவே பாடம் நடத்தியிருக்கிறாள்.

தங்கை குனிந்தாள். செத்து மூன்று நாளான எலியின் வாடை. மின்விசிறி பக்கத்துச் சுவரை நோக்கித் திரும்பியிருந்ததால் கயிற்றுக்கு அப்பால் இன்னும் எட்டவில்லை. கூரை வழியே வெயில் அப்போதுதான் மேஜைமேல் ஏறத் தொடங்கியிருந்தது.

அவள் முகத்தில் ஒரு தசை அசையவில்லை. இருபது வருஷம் ஊரார் அழுக்கை முகம் சுளிக்காமல் மோந்து பழகிய முகம். பென்சில் அட்டைமேல் ஒரு கணம் நின்றது. பிறகு, 'தேன். கொஞ்சம் ஏலக்காய்,' என்று எழுதினாள். தட்டினாள். ஒன்று, இரண்டு, மூன்று.

அக்காவின் முகம் மலர்ந்தது. அன்றைக்கு மூன்று தட்டு வாங்கிய முதல் பூ அதுதான். பூவுக்குள்ளேயே முகத்தைப் புதைத்து, தோள் உயர ஒரு மூச்சு இழுத்தாள். நிமிர்ந்தபோது மூக்கு நுனியில் ஒட்டிய மகரந்தத்தைக்கூடத் துடைக்கவில்லை.

"எத்தனை வருஷமாச்சு இப்படி ஒண்ண மோந்து!" என்றாள் ஒலிபெருக்கியில். "தேனடைய இப்பத்தான் பிழிஞ்ச மாதிரி. கூடவே லேசா ஏலக்காய். தூங்கி எழுந்த குழந்தையோட கழுத்த மோந்து பார்த்திருக்கீங்களா? அது. இன்னைக்கு முதல் பரிசு இதுக்குத்தான், மீதிய நான் பார்க்கவே வேண்டாம்!"

கைதட்டினார்கள். முன்வரிசையில் இரண்டு மூன்று பேர் ஆசையாகக் கயிற்றின்மேல் எக்கி முகத்தை நீட்டினார்கள். நீட்டிய வேகத்தில் பின்வாங்கினார்கள். ஒரு பெண் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்பா தோளில் உட்கார்ந்திருந்த ஒரு சின்னப் பெண், "அய்யே! எலி செத்துப்போச்சு!" என்று கூடம் முழுக்கக் கேட்கச் சொன்னது.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு அந்தச் செடியின் சொந்தக்காரர் வந்தார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வுபெற்றவர், நல்ல மனுஷர். "டீச்சரம்மா, இது போட்டிக்கு இல்லீங்க! வேடிக்கைக்குக் கொண்டாந்தேன். யாரோ தெரியாம நம்பர் ஒட்டிட்டாங்க. இது நாறுங்க. வீட்டுக்குள்ள வச்சா என் சம்சாரம் என்னையும் சேர்த்து வெளியில தள்ளிடுவா!" சிரித்துக்கொண்டே வந்தவர், அக்காவின் முகத்தைப் பார்த்ததும் பாதியில் நிறுத்திவிட்டார்.

அக்கா முகத்தில் ஈயாடவில்லை. பூவில்தான் இரண்டு ஈ உட்கார்ந்திருந்தன. அவள் தங்கையைப் பார்த்தாள். தங்கை எண்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள்.

அத்தோடு யாராவது விட்டிருக்கலாம். மருந்துக்கடைக்காரர் விடவில்லை. அவர் நிதானமாக மேஜைக்கு வந்தார். தங்கையின் கையிலிருந்து அட்டையை வாங்கி, பார்க்காமலே கவிழ்த்து வைத்தார்.

"டீச்சருக்கு ஜலதோஷமோ என்னவோ. ஒரு சின்னச் சோதனை, தப்பா நெனச்சுக்காதீங்க. கண்ண மூடுங்க."

"எதுக்கு?" என்றாள் அக்கா.

"வழக்கமா மூடறதுதானே."

கூட்டத்தில் யாரோ, "மூடுங்க டீச்சர்!" என்றார்கள். இன்னொரு குரலும் சேர்ந்தது. மாட்டேன் என்று சொல்லிவிட்டு அவள் போயிருக்கலாம். பதினெட்டு வருஷப் பழக்கம். அக்கா கண்ணை மூடினாள். தலைவர் ஒரு காலித் தொட்டியை எடுத்தார், வெறும் மண்தொட்டி, அதை அவள் முகத்துக்கு நேரே பிடித்தார். அக்கா இழுத்தாள். எங்கிருந்தாவது ஒரு தட்டுச் சத்தம் வருமா என்று அவள் தலை தங்கையின் பக்கம் லேசாகச் சாய்ந்ததைத் தங்கை மட்டும் கண்டாள். பென்சில் அவள் கையில்தான் இருந்தது.

"மல்லி," என்றாள் அக்கா. பிறகு, "மல்லிதான். கொஞ்சம் பழசு."

முதலில் ஒருவர்தான் சிரித்தார். பிறகு கூடமே சிரித்தது. பதினெட்டு வருஷமாக அந்த மேஜையில் மூக்குடைபட்டவர்கள் எத்தனை பேர் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. எங்கெங்கிருந்தோ வந்து சேர்ந்துகொண்டார்கள். "இதையும் காட்டுங்க!" என்று ஒருவர் தன் செருப்பைக் கழற்றி நீட்டினார். தபால்காரம்மா, "டைரி வாசனை வருதா டீச்சர்?" என்றாள். கிரேன்காரர் மட்டும், "பாவம்ங்க, விடுங்கங்க," என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அவர் பேச்சு எடுபடவில்லை.

அக்கா கண்ணைத் திறந்தாள். காலித் தொட்டியைப் பார்த்தாள். ஒலிபெருக்கி திறந்திருப்பதை மறந்து, "நீ மூணுதானேடி தட்டின?" என்றாள். அது கூடம் முழுக்கக் கேட்டது.

எல்லாரும் தங்கையைப் பார்த்தார்கள்.

"நான் என்னக்கா கண்டேன்?" என்றாள் தங்கை. "எனக்கு சோப்பு வாசனையத் தவிர என்ன தெரியும்? நீங்க சொன்னத எழுதறதுக்குத்தானே வந்தேன்."

போன வருஷக் கணக்கு அக்காவுக்கு அப்போது புரிந்ததா என்று தங்கையால் கண்டுபிடிக்க முடியவில்லை. அக்கா நடுவர் பட்டையைக் கழற்ற முயன்றாள். ஊக்கு புடவையில் சிக்கிக்கொண்டது. யாரும் உதவிக்குப் போகவில்லை. கடைசியில் கிரேன்காரர்தான் ஊக்கை எடுத்துவிட்டு, டீ விற்கும் இடத்துக்கு அழைத்துப்போய் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்தார்.

மீதி மூன்று தொட்டியை யார் பார்ப்பது என்று பேச்சு வந்தது. "நான் வேணா பார்க்கட்டுமா?" என்றாள் தங்கை. பார்த்தாள். வாசனையை வாசனையாகவே சொன்னாள். எது என்ன, எவ்வளவு, அவ்வளவுதான். ஆறாம் தொட்டியை மறுபடி மோந்து, "இது கிராம்பு. நல்ல கிராம்பு," என்றாள். தபால்காரம்மா அழுதுவிட்டாள். முதல் பரிசு பதிமூன்றாம் தொட்டிக்குப் போயிற்று. பிறகு தங்கை கண்காட்சி முழுவதையும் சாவகாசமாகச் சுற்றிப் பார்த்தாள். கண்ணாடி அறைக்குள் வெட்டுப்பட்ட வெள்ளரி வாசனையுள்ள ஒரு ஃபெர்ன் செடி இருந்தது. அதனருகில் ரொம்ப நேரம் நின்றாள். டீ விற்கும் இடத்தை இரண்டு தடவை கடந்துபோனாள். அக்கா அதே நாற்காலியில், ஆறிப்போன டீயைக் கையில் பிடித்தபடி இருந்தாள். நீர்க்குழாய் சீறியபோதுகூட நகரவில்லை; புடவை நனைந்துவிட்டது.

இருவரும் ஒரே பஸ்ஸில் வீட்டுக்கு வந்தார்கள். சாயந்திரம் அக்கா சமையலறைக்கு வந்தாள். கையில் பால் பாத்திரம்.

"போன வருஷம் உன் பூ," என்று ஆரம்பித்தாள். "எனக்கு ஒண்ணும் தெரியல. நல்லா இருக்குன்னு சொன்னா, தங்கச்சிக்காகச் சொல்றான்னு பேசுவாங்க. அப்புறம் என் மூக்க யாராவது சோதிச்சுப் பார்ப்பாங்கன்னு பயம்."

"தெரியும்க்கா."

"இன்னைக்கு நீ செஞ்சது..." சின்னப் பிள்ளை மாதிரி பாத்திரத்தை நீட்டினாள். "காலையில வெளியிலயே வச்சிட்டுப் போயிட்டோம். கெட்டிருக்கா பாரு. பசிக்குது."

தங்கை வாங்கி மோந்தாள். புளித்துப்போயிருந்தது, பாத்திரத்தைத் திறந்த உடனேயே தெரிந்தது. அக்கா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு நடந்ததெல்லாம் நடந்த பிறகும் கேட்பதற்கு அவளுக்கு வேறு ஆளில்லை.

"நல்லாத்தான் இருக்கு," என்றாள் தங்கை.

அக்கா தம்ளரில் ஊற்றினாள். நின்றபடியே குடித்தாள். நாக்குக்குத்தான் எல்லாமே அட்டையாயிற்றே. முக்கால் தம்ளர் குடித்தபின் ஒரு வாய் தொண்டையில் இறங்கும்போது அதில் திரிதிரியாக எதையோ உணர்ந்து நிறுத்தினாள். தம்ளரின் அடியைப் பார்த்தாள். தங்கையைப் பார்த்தாள். மீதியையும் குடித்துவிட்டுத் தம்ளரைக் கழுவிக் கவிழ்த்தாள்.

இரண்டு நாள் வயிறு அவளைப் படுத்தி எடுத்தது. தங்கை லீவு போட்டுக் கூடவே இருந்தாள். கஞ்சி வைத்தாள், துணி மாற்றினாள், தலையைப் பிடித்துவிட்டாள். விசாரிக்க வந்த கிரேன்காரர், "இந்த மாதிரி தங்கச்சி யாருக்குக் கிடைக்கும்," என்று சொல்லிவிட்டுப் போனார். அக்கா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள்.

எழுந்து நடமாடத் தொடங்கியதும் அவள் பால் வாங்குவதை நிறுத்தினாள். டப்பாவில் அடைத்ததையும் பொட்டலத்தில் வருவதையும் மட்டும் தனக்கென்று வாங்கி, தன் அறை அலமாரியில் வைத்துப் பூட்டிக்கொண்டாள். ஒவ்வொன்றின் மேலும் பிரித்த தேதியைக் கொட்டை எழுத்தில் எழுதினாள். ஒருநாள் கூடினாலும் குப்பையில் போட்டாள். தங்கையிடம் எதையும் மோந்து பார்க்கச் சொல்லி அதற்குப்பின் கேட்டதே இல்லை. மற்றபடி இருவரும் பழையபடிதான் பேசிக்கொண்டார்கள்: கரெண்டு, தண்ணி, கதவு பூட்டியாச்சா.

அடுத்த வருஷம் மார்ச்சில் சங்கத்திலிருந்து தங்கைக்குக் கடிதம் வந்தது. வாசனைப் பிரிவுக்கு அவளே நடுவராக வர வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். அக்காதான் தபால்பெட்டியிலிருந்து எடுத்துவந்து, பிரிக்காமல் மேஜைமேல் வைத்திருந்தாள். தங்கை வேலையிலிருந்து வந்து, கை கழுவிவிட்டு, கடிதத்தை நின்றபடியே இரண்டு முறை படித்தாள். சம்மதம் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டு உறையில் வைத்து ஒட்டினாள்.

"அக்கா, கடைப்பக்கம் போறேன். ஏதாவது வேணுமா?" என்று கேட்டாள்.

"வேணாம்," என்றாள் அக்கா, அறைக்குள்ளிருந்து.